வழுவும் வழுவமைதியும்

மனிதன் கையால் ஆகிய பொருள் எதுவும் பிறந்த நாளிலேயே நிறைவு பெற்றுவிடுவதில்லை. கொல்லன் வடித்த உளியும், தச்சன் இழைத்த கதவும், புலவன் யாத்த நூலும் பயன்படுத்துவோர் கைக்கு வந்த பின்னரே தம் குறைகளை வெளிப்படுத்துகின்றன. குறை தோன்றுதல் இழிவன்று. தோன்றிய குறையைக் காண்பார் இல்லாமையும், கண்டதை முறையாகச் சொல்வார் இல்லாமையும், சொன்னதைப் பொறுமையோடு கேட்பார் இல்லாமையுமே இழிவு. காண்பாரும் சொல்வாரும் கேட்பாரும் ஒருங்கே அமைந்த இடத்தில் பொருள் வளர்கிறது. ஒருவர் இல்லாவிடினும் தேய்கிறது.

இவ்வுண்மையைத் தமிழ் இலக்கணிகள் நன்கு உணர்ந்திருந்தனர். பவணந்தி முனிவர் நன்னூலில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை எடுத்துரைத்தார். ஆயின் அவர்தம் சிந்தனை சரி, பிழை என்னும் இரண்டோடு நின்றுவிடவில்லை. இலக்கண நெறியோடு இயைந்து வருவது வழாநிலை. நெறி தவறி வருவது வழு. நெறி தவறினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. மகளைக் கொஞ்சும் தாய் 'வாடா கண்ணா' என்றழைத்தால் இலக்கணம் அவளைத் தண்டிப்பதில்லை. உண்டுகொண்டே இருப்பவன், வெளியில் நின்று அழைக்கும் நண்பனுக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்று இறந்த காலத்தில் விடை கூறினால், விரைவு கருதி அதுவும் அமைக்கப்படுகிறது. குற்றத்தைக் குற்றமென்று அறியும் கூர்மையும், அதன் காரணத்தை ஆராயும் நிதானமும், தக்கதைத் தழுவிக்கொள்ளும் அருளும் இம்முப்பகுப்பில் ஒன்றாக இணைந்து நிற்கின்றன.

இப்பழைய பகுப்பு இன்று எதிர்பாராத ஒரு துறையில் உயிர்பெற்று உலவுகிறது. கணினி நிரல்களில் நேரும் பிழையை ஆங்கிலேயர் 'பூச்சி' என்று வழங்குவர். பொறிகளின் கோளாற்றை அச்சொல்லால் குறிக்கும் வழக்கம் தாமஸ் எடிசன் 1878ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்திலேயே காணப்படுகிறது. 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் கணிப்பொறியின் உள்ளே உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பன்முறை எடுத்துரைத்தமையால் அந்நிகழ்ச்சி உலகப் புகழ் எய்தியது. தமிழில் கணினி நூல் செய்தோர் பூச்சியை மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் இலக்கணத்தை நாடிச் சென்று 'வழு' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டனர். அச்சொல்லோடு வழுவமைதி என்னும் கருத்தும் உடன்வரும் என்பதை அவர்கள் எண்ணினரோ, இல்லையோ, அது வந்தே தீர்ந்தது.

கட்டற்ற மென்பொருள் என்பது ஒரு புதுவகைக் கொடை. விலைக்கு விற்கும் நிறுவனங்கள் தம் நிரலின் மூலத்தைப் பூட்டி வைப்பது போலன்றி, இங்கே மூலநிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்படுகிறது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 1991இல் பின்லாந்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் லினக்ஸ் கருவை உலகின்முன் வைத்தார். 1993இல் டெபியன் என்னும் தன்னார்வலர் திட்டம் தோன்றியது. மலேசியருக்கு இதனை விளக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. கோத்தோங் ரோயோங் என்றால் அவர்க்கு உடனே புரியும். மாசி மகத்தன்று மலாக்கா செங்கில் உள்ள சன்னாசி மலை ஆண்டவர் கோயிலில் தண்ணீர்ப்பந்தல் அமைப்போர் கூலி கேட்பதில்லை. கட்டற்ற மென்பொருள் செய்வோருள் பெரும்பாலோர் அத்தகையோரே. பகலில் வேறு தொழில் செய்து பிழைத்து, இரவில் உறக்கத்தைக் குறைத்து உலகுக்கு உழைப்போர் அவர்.

ஆயின், தண்ணீர்ப்பந்தலில் நீர் பருகியோர் தாகம் தீர்ந்து நகர்ந்துவிடுவர். மென்பொருளைப் பெற்றோர் அவ்வாறு நகர்வதில்லை. பயன்படுத்துகின்றனர், குறை காண்கின்றனர், முறையிடுகின்றனர். ஒரு திட்டம் வெற்றி பெறப் பெற அதன் வாயிலில் முறையீடுகள் குவிகின்றன. மொசில்லா திட்டத்தார் இதற்கென்றே 1998இல் பக்சில்லா என்னும் வழுப்பதிவேட்டை அமைத்தனர். மொசில்லா, டெபியன் ஆகிய இரண்டின் பதிவேடுகளிலும் வழு எண்கள் பத்து இலட்சத்தைக் கடந்துவிட்டன. இத்துணை முறையீடுகளையும் ஊதியமில்லாச் சிலர் எதிர்கொள்வது யாங்ஙனம்?

மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களை அறிந்தவர்க்கு இதன் விடை புதிதன்று. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பரைப் பயிரிட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்கியது அம்மண்ணிலேதான். பின்னர் எழுந்த தோட்டங்களில் லயமும், பெரட்டுக்களமும், ஆயாக்கொட்டகையும் போலச் சிறு மருந்தகமும் ஓர் உறுப்பாயிற்று. காலையில் அம்மருந்தகத்தின் வாயிலில் கூடுவோர் பலராக இருப்பர். பால்மரம் சீவும் கத்தி கையில் பட்டுக் குருதி சொட்ட நிற்பவர் ஒருவர். குளிர்காய்ச்சலில் நடுங்குபவர் ஒருவர். தலைவலி என்பவர் ஒருவர். நோயொன்றும் இல்லாமல் விடுப்புச் சீட்டுக்காக வந்தவரும் ஒருவர். திறமை வாய்ந்த டிரெசர் வந்த வரிசைப்படி மருந்து கொடுக்கமாட்டார். ஒரு முறை கண்ணை ஓட்டுவார். குருதியை முதலில் நிறுத்துவார். காய்ச்சலைப் படுக்க வைப்பார். தலைவலிக்கு மாத்திரை தருவார். விடுப்புக்கு வந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்பார். ஆயினும் அனைவர் பெயரையும் ஏட்டில் எழுதுவார். ஏட்டில் எழுதப்படாத நோயாளி கவனிக்கப்படாத நோயாளி ஆகிவிடுவார் என்பதை அவர் அறிவார்.

வழுக்களை ஏற்று வகைப்படுத்தும் தன்னார்வலரின் தொழிலும் இதுவே. டெபியன் திட்டத்தில் ஒவ்வொரு முறையீட்டுக்கும் உடனே ஓர் எண் வழங்கப்படுகிறது. அவ்வெண்ணின்கீழ் நடைபெறும் உரையாடல் யாவர்க்கும் வெளிப்படை. சிக்கல்களை மறைக்கமாட்டோம் என்று அத்திட்டத்தார் 1997ஆம் ஆண்டிலேயே தம் சமூக உடன்படிக்கையில் உறுதி கூறினர். வழுவின் கடுமை ஏழு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளது. கணினி முழுவதையும் கெடுப்பதும், பயனரின் தரவுகளை அழிப்பதும் முதல் நிலை. பிழையே அன்று, இப்படியிருந்தால் நன்றாயிருக்குமே என்னும் விருப்பம் கடைசி நிலை. கடைசி நிலைக்கும் ஏட்டில் இடமுண்டு என்பது கருதத்தக்கது. இன்று விருப்பமாக வந்து ஒதுங்கிநிற்பது, ஐந்தாண்டு கழித்து ஒரு புதிய தொண்டரின் கண்ணில் பட்டு நிறைவேறிவிடலாம்.

வகுத்தலுக்கு முன்னே செய்யவேண்டியவை சில உள. முதலாவது, இதே குறையை வேறொருவர் முன்பே கூறியுள்ளாரா என்று தேடுதல். ஒரே கூரையின் ஒழுக்கலைப் பத்துப் பேர் பத்துச் சொல்லால் சொல்லுவர். பத்தையும் ஒன்றாக இணைத்தாலன்றி உழைப்பு சிதறும். இரண்டாவது, கூறப்பட்ட குறையைத் தம் கணினியில் மீண்டும் தோற்றுவித்துப் பார்த்தல். தம் கண்ணால் காணாத வழுவைத் திருத்த முனைவது இருட்டில் ஊசி கோத்தலாகும். மூன்றாவது, விவரம் போதாதாயின் மேலும் கேட்டல். அந்நிலையில்தான் பெரும்பாலான முறையீடுகள் தேங்கி நிற்கின்றன. ஏனெனில், முறையீட்டிலேயே ஒரு வழு இருக்கிறது. அது வினா வழு.

ஒற்றை விரலை நீட்டி இது சிறிதா, பெரிதா என்று கேட்பதை வினா வழுவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு. எதனோடு ஒப்பிடுவது என்பது அங்கே சொல்லப்படவில்லை. 'உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை' என்னும் முறையீடும் அத்தகையதே. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன செய்தபோது, என்ன நேர்ந்தது என்பவற்றுள் ஒன்றும் அதில் இல்லை. நல்ல முறையீட்டுக்கு மூன்று கூறுகள் போதும்: யான் இன்னது செய்தேன், இன்னது நிகழும் என்று எதிர்பார்த்தேன், நிகழ்ந்தது இன்னது. இம்மூன்றையும் தெளிவாக எழுதத் தெரிந்தவர் பாதிப் பிழையைத் தாமே திருத்திவிட்டார் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். அலோர் காஜாவில் ஒரு தமிழாசிரியர் மாணவர்க்கெனத் திரட்டிய பாடக்குறிப்புகளில் ஔவையாரைத் தேடுகிறார். கண்ணுக்கெதிரே பெயர் இருக்கிறது. கணினியோ இல்லை என்கிறது. 'தேடல் சரியில்லை' என்று அவர் எழுதினால் அயல்நாட்டிலிருக்கும் தொண்டர் ஒன்றும் அறியார். மாறாக, 'இப்பெயரை இவ்விடத்தில் இவ்வாறு தட்டினேன். தேடல் கிடைக்கவில்லை' என்று எழுத்தையும் இணைத்தனுப்பினால் உண்மை வெளிப்படும். ஔ என்னும் ஓருயிரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருக்கிறார் ஒருவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு. இப்பொழுது தொண்டர் தீர்ப்பு வழங்கவேண்டும். நிரல் தன் நெறியில் வழுவவில்லை. தட்டியவரே வழுவினார் என்று கூறி ஏட்டை மூடிவிடலாம். அது வழாநிலை பற்றிய தீர்ப்பு. அன்றி, தமிழர் பலர் இவ்வாறு தட்டுவது கண்கூடாகையால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்க என்று நிரலை நெகிழ்விக்கலாம். அதுவே வழுவமைதி. பவணந்தியார் இருந்திருப்பின் இரண்டாவதை மெச்சியிருப்பார்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு அகரவரிசை பற்றியது. யூனிகோடு அட்டவணையில் ஜகரம் சகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் இடம் பெற்றுள்ளன. நெடுங்கணக்கு கற்பிக்கும் ஆசிரியர் எவர்க்கும் இது பொறுக்காது. அட்டவணை எண்ணையே பின்பற்றும் நிரல், மாணவர் பெயர்ப்பட்டியலைத் தாறுமாறாக அடுக்கிவிடும். ஆயினும், ஒரு முறை வழங்கிய இடத்தை மாற்றுவதில்லை என்பது யூனிகோட்டின் உறுதி. மாற்றினால் உலகெங்கும் உள்ள பழைய ஆவணங்கள் சிதையும். ஆகவே இடத்தை மாற்றுக என்னும் முறையீடு திருத்தப்படாது என்னும் குறிப்போடு மூடப்படும். வரிசைப்படுத்தும் விதியைத் தனியே எழுதுக என்னும் முறையீடோ ஏற்கப்படும். எதைக் கேட்பது, எதைக் கேளாமல் விடுவது என்னும் அறிவும் முறையிடுவார்க்கு வேண்டும்.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பு மாணவனும் மூன்று என்பான். கணினியோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து என்னும். ஐரோப்பாவில் அமர்ந்து நிரல் எழுதுபவர்க்கு ஐந்து என்பதில் ஐயம் எழாது. தமிழறிந்த ஒருவர் எடுத்துக் கூறினாலன்றி அவர் அறியார். முத்து அண்ணாமலை முதலானோர் ஆக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு தமிழ் எழுத்துகளைத் தமிழ் முறைப்படியே எண்ணுகிறது. தேவை உணர்ந்தோர் எழுந்ததால் கருவி பிறந்தது.

வினா வழுவைப் போலவே விடை வழுவும் உண்டு. 'எனக்குச் சரியாகத்தானே வேலை செய்கிறது' என்று ஒரு வரியில் ஏட்டை மூடுவது விடை வழு. புதியவர் கேட்ட எளிய கேள்விக்கு, அவர் படித்திருக்கவேண்டிய நூற்பட்டியலை வீசுவது விடை வழு. ஆண்டுக்கணக்கில் ஒரு சொல்லும் சொல்லாமலிருப்பதும் விடை வழுவே. மறுப்பதாயினும் காரணம் கூறி மறுத்தல் வேண்டும். இன்று காரணத்தோடு மறுக்கப்பட்டவர் நாளை இன்னொரு வழுவைக் கொண்டுவருவார். இகழப்பட்டவர் திரும்பி வாரார். முதல் முறையீட்டுக்குக் கிடைக்கும் விடைதான் ஒருவரைத் தொண்டராக்குகிறது, அல்லது துரத்திவிடுகிறது.

இவ்வுறவு சீர்கெட்டால் விளையும் கேடு சிறிதன்று. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் கட்டற்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெருவழு வெளிப்பட்டது. உலகின் வங்கிகளும் வணிக நிலையங்களும் தம் மறைமொழிகளைக் காக்க நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு அந்நாளில் ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலரே. உலகம் அதன்மேல் சாய்ந்திருந்தது. அதனைத் தாங்குவார் எவர் என்று உலகம் கேட்கவில்லை.

பத்தாண்டு கழித்து நிகழ்ந்தது இதனினும் அச்சம் தருவது. எக்ஸ்இசட் என்னும் சிறுநிரலைப் பல்லாண்டாக ஊதியமின்றிப் பேணிவந்தவர் ஒருவர். 2022இல் அவருக்கு முறையீடுகள் கடுமொழியில் வரத் தொடங்கின. ஏன் தாமதம், ஏன் அக்கறையில்லை, ஏன் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கக்கூடாது என்று நெருக்கினர். உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த அவர், உதவ முன்வந்த ஒருவருக்கு மெல்ல மெல்லப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தார். அவ்வுதவியாளரோ நிரலினுள் கள்ளவாயில் ஒன்றை அமைத்தார். கடிந்து எழுதியோரும் அச்சூழ்ச்சிக்கென்றே புனையப்பட்ட போலிப் பெயரினரே எனப் பின்னர் வலுவாக ஐயுறப்பட்டது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிரண்டு என்னும் பொறியாளர், தம் கணினியில் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். பிறர் பொருட்படுத்தாத அவ்வரை நொடியை அவர் விடாது தொடர்ந்து ஆராய்ந்து, அம்மாதம் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். பெருந்தீங்கு விலகியது. ஒரே நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உள. இரக்கமற்ற முறையீடு காவலனைச் சோர்வித்துக் கள்வனுக்குக் கதவு திறந்தது. பொறுமையான முறையீடு அக்கதவை அடைத்தது.

தமிழைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இங்கே முறையீட்டு வெள்ளத்தைக் காட்டிலும் முறையீட்டு வறட்சியே பெருங்குறை. எழுத்து உடைந்து தோன்றினால் தமிழர் பெருமூச்சு விடுகின்றனர், நண்பரிடம் புலம்புகின்றனர், பிறகு ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாறிக்கொள்கின்றனர். புலம்பல் வேறு, முறையீடு வேறு. புலம்பல் காற்றோடு போகும். முறையீடு ஏட்டில் ஏறும். தமிழில் குறை இருப்பதாக ஏட்டில் ஒன்றும் இல்லையெனில், தமிழை அறியாத தொண்டர் தமிழுக்குக் குறையொன்றுமில்லை என்றே கொள்வார். அவர்மீது குற்றமில்லை.

பிழை கேட்டுத் திருந்துவது தமிழருக்கு அயலான பண்பும் அன்று. அவையோர் வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே நூல் அரங்கேறிய மரபு நம்முடையது. ஏடுகளை ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அச்சிட்டதோடு பணி முடிந்ததென்று அமையாமல் அடுத்தடுத்த பதிப்புகளில் அதனைச் செப்பம் செய்தார். 1998 பொங்கலில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து இலவசமாக வழங்கிவருகின்றனர். தட்டியவர் பெயரோடு மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலின் முகப்பில் நிற்கிறது. பிழை கண்டவரும் ஆக்கியவரோடு ஒப்ப மதிக்கப்படும் இடம் அது. மலேசியாவும் இத்துறையில் பின்தங்கியதன்று. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை 1985இல் உருவாக்கியதும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் வரலாறு.

மலாக்கா நகரில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தைப் பேணிவருவோர் மலாக்காச் செட்டிகள். வழிபாட்டையும் சடங்கையும் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய அம்மக்களின் நாவில் தமிழ் பேச்சுமொழியாக நிலைக்கவில்லை; மலாயே வீட்டுமொழியாயிற்று. அன்றாடக் கருவிகளிலும் கொடுக்கல் வாங்கலிலும் இடம்பெறாத மொழி, அன்பு குறையாமலேயே மறைந்துவிடலாம் என்பதற்கு அது சான்று. இன்று அன்றாடக் கருவி கைத்தொலைபேசி. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் அடைபட்டபோது பாடமே அக்கருவிக்குள் புகுந்தது. தோட்டம் விட்டு நகரம் புகுந்த குடும்பத்துப் பிள்ளை அக்கருவியில் தமிழைத் தட்டும்போது எழுத்து உடைந்தால், உடைவது எழுத்து மட்டுமன்று; இம்மொழி இக்காலத்துக்கு ஆகாது என்னும் எண்ணமும் அவன் நெஞ்சில் முளைவிடும்.

இதனைத் தடுக்கவல்லவர் தமிழாசிரியரே. நாள்தோறும் நாற்பது ஏடுகளில் வழுக்களைக் கண்டு, வகுத்து, காரணம் கூறித் திருத்துபவர் அவர். ஜாசினிலும் மெர்லிமாவிலும் டுரியான் துங்காலிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொரு மாணவனும் ஆண்டுக்கு ஒரு வழுவைக் கண்டு, செய்தது, எதிர்பார்த்தது, நிகழ்ந்தது என்னும் மூன்று வரிகளில் பணிவாக எழுதி அனுப்பப் பழகினால், அதுவே நல்ல உரைநடைப் பயிற்சியும் ஆகும், மொழித்தொண்டும் ஆகும். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யத்தக்க தொண்டு அது. அவ்வாறு எழுதுவோர், மறுமுனையில் இருப்பவரும் உறக்கம் துறந்து உழைக்கும் ஒரு மனிதரே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். வழுவைக் கூசாது சுட்டுக. வழுவியவரைச் சுடாது சுட்டுக. கேட்பவரும் சொல்பவரும் இந்நெறியில் நின்றால், வழு வழாநிலை ஆவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை.